கடைசல் பிடித்தவர் பெயர் எங்கே? மத்ரியோஷ்கா ஊர்களில் சித்தப்பாவுடன்

அக்டோபர் 4, சனி. மாஸ்கோ, இஸ்மைலோவோ சந்தை

ஆயுத பூஜைக்குத் தன் பழைய லேத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி பிரித்துக் கொடுத்து முடித்த பிறகுதான் விமானம் ஏறுவேன் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அதனால் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை எங்களுக்கு மாஸ்கோவில் விடிந்தது. கோவையில் கடைசல் பட்டறையிலேயே, அதாவது லேத்தில் இரும்பைக் கடைந்தே, ஆயுளைக் கழித்தவர் அவர். வாலிபத்தில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் (என்.சி.பி.எச்.) புத்தகக் கண்காட்சியில் சில்லறைக் காசுக்கு வாங்கிய சோவியத் தமிழ்ப் புத்தகங்கள்தான் அவருக்குத் தெரிந்த ரஷ்யா. எனக்கு வேறு ஆசை. பொம்மைக்குள் பொம்மையாக அடுக்கும் மத்ரியோஷ்கா எங்கே பிறந்தது, இப்போது எங்கே செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இருவர் ஆசையும் ஒரே ரயில் பாதையில் விழுந்ததால் சேர்ந்து கிளம்பினோம்.

நம் ஊர் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து இங்கே செல்லாது. டாலர் நோட்டுகளைக் கொண்டுவந்து மாற்றிக்கொண்டோம். ஒரு ரூபிள் கிட்டத்தட்ட ஒரு ரூபாய். கணக்குப் போட வசதி.

பர்திசான்ஸ்கயா மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரத்தில் சந்தை. வாசலில் பளபளவென்று மரக்கோட்டை மாதிரி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். பழங்காலத்தது என்று நம்ப வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். உள்ளே போனால் வரிசை வரிசையாக மத்ரியோஷ்கா. ஐந்து பொம்மை அடுக்கு 900 ரூபிளில் தொடங்குகிறது. பத்து பொம்மை, தேவதைக் கதைக் காட்சிகள், தங்கப்பூச்சு என்று போனால் 35,000. பாவாடை, முக்காடு போட்ட பெண்களுக்கு நடுவே மெஸ்ஸி, டிரம்ப், பூனைக்குட்டிகள். 80களின் கடைசியில் அர்பாத் தெருவில் சக்கைப்போடு போட்ட கோர்பச்சேவ் அடுக்கும் ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்தது: கோர்பச்சேவுக்குள் பிரெஷ்னேவ், அவருக்குள் குருஷ்சேவ், அப்புறம் ஸ்டாலின், கடைசியில் கட்டைவிரல் அளவு லெனின். சித்தப்பா லெனினை மட்டும் எடுத்து வெகுநேரம் பார்த்தார். “இத்தனூண்டு ஆக்கிப்போட்டாங்களே” என்று முனகினார்.

கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நாங்கள் இந்தியா என்றதும் இந்தி நடிகர் ராஜ் கபூரில் ஆரம்பித்து மிதுன் சக்ரவர்த்தியில் முடித்தார். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. விலையில் மட்டும் இறங்கவில்லை. 4,000 சொன்ன ஏழு பொம்மை அடுக்கை நான் 2,500க்குக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அதை இருந்த இடத்தில் திருப்பி வைத்துவிட்டார்.

சித்தப்பா பொம்மையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. திறக்கிறார், மூடுகிறார், மறுபடி திறக்கிறார். காதருகே வைத்துத் திருகி, உரசும் சத்தம் கேட்கிறார். “பிட்டிங் அருமை கண்ணு. இந்த மரத்துல இவ்வளவு மெல்லிசா சுவரு நிறுத்தறது லேசுப்பட்ட வேலை இல்லை.” அடிப்பாகத்தைத் திருப்பினார். கருப்பு மையில் ஒரு கையெழுத்து, பக்கத்தில் ஊர்ப் பெயர். வரைந்தவர் பெயராம். “கடைசல் புடிச்சவன் பேரு?” நான் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினேன். கடைக்கார அம்மா தோளைக் குலுக்கினார். யாராவது ஒரு ஆள், வாரத்துக்கு ஒருமுறை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்து போடுவார் என்றார்.

இரவு ஜார்ஜிய உணவகத்தில் லோபியோ. சிவப்பு பீன்ஸை மண்சட்டியில் மசித்து, கொத்தமல்லி தூவித் தருகிறார்கள். சித்தப்பாவின் புரட்டாசி விரதத்துக்குப் பங்கமில்லை. இரண்டு பேருக்கும் ரொட்டியோடு 1,340.

அக்டோபர் 5, ஞாயிறு. அப்ராம்த்செவோ

யாரோஸ்லாவ்ஸ்கி நிலையத்திலிருந்து புறநகர் ரயில். பெட்டிக்குள் வரிசையாக வியாபாரிகள் வந்தார்கள். ஒருவர் காய் சீவும் கத்தி விற்றார். மேடையில் பேசுகிற மாதிரி குரலை ஏற்றி இறக்கிப் பேசி, ஒரு கேரட்டைச் சீவிக் காட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். நம் ஊர் பாசஞ்சர் வண்டியில் இருப்பதாகவே தோன்றியது. குளிர் மட்டும் 7 டிகிரி.

நிலையத்தில் இறங்கிக் காட்டுப்பாதையில் நடக்க வேண்டும். பிர்ச் மரங்கள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. சித்தப்பா தொப்பி போடாமல் வந்ததைப் பார்த்து எதிரே வந்த பாட்டி ஒருவர் நின்று திட்டினார். முன்பின் தெரியாதவர்! அவர் கை காட்டிய இடம் தலை, குரலில் இருந்தது கோபம். அர்த்தம் புரிய மொழி தேவைப்படவில்லை. சித்தப்பா மரியாதையாக மப்ளரை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்ட பிறகுதான் பாட்டி நகர்ந்தார்.

இந்தப் பண்ணை வீட்டை 1870இல் வாங்கியவர் சாவ்வா மாமந்தோவ், ரயில் முதலாளி. நாங்கள் வந்த இதே யாரோஸ்லாவ்ல் பாதை அவர்கள் குடும்ப வியாபாரம்தான். அந்தப் பணத்தில் ரேப்பின், வஸ்னெத்சோவ், பலேனொவ், செரோவ் என்று ஓவியர்களைக் கூட்டி வைத்துச் சோறு போட்டார். தொழிற்சாலைப் புகை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் கிராமம் கிராமமாகப் போய், உழவர் வீட்டு மரச்செதுக்கு, அகப்பை, சீப்பு, பூ வேலை எல்லாவற்றையும் சேகரித்தார்கள். பழைய ரஷ்யாவைப் புதிதாகச் செய்து பார்த்தார்கள். தோட்டத்துக்குள் 1883இல் வஸ்னெத்சோவ் கட்டிய ‘கோழிக்கால் குடிசை’ இன்னும் நிற்கிறது. கதைகளில் வரும் சூனியக்காரக் கிழவி பாபா யாகாவின் வீடு அது. ஓவியர்களே கூடி வரைந்து 1882இல் முடித்த சின்னத் தேவாலயமும் அப்படியே இருக்கிறது.

இந்தச் சூழலில் பிறந்ததுதான் மத்ரியோஷ்கா. சாவ்வாவின் அண்ணன் அனத்தோலி மாமந்தோவ் மாஸ்கோவில் ‘குழந்தை வளர்ப்பு’ என்ற பெயரில் பொம்மைப் பட்டறை வைத்திருந்தார். 1890களில் அங்கே வசீலி ஸ்வியோஸ்தோச்கின் என்ற கடைசல்காரர் கடைந்து கொடுக்க, செர்கேய் மல்யூத்தின் என்ற ஓவியர் வண்ணம் தீட்டினார். முதல் அடுக்கு அப்படி வந்தது. 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் வாங்கியது. ஆகக்கூடி நூற்றுச் சொச்சம் வயதுதான் இந்தப் பொம்மைக்கு. நேற்று சந்தையில் அதை ஆதிகாலத்து ரஷ்யத் தாய் என்று என்னிடம் விற்கப் பார்த்தார்கள். அது பட்டணத்துப் படித்த கலைஞர்கள், கிராமத்தின் மேல் கொண்ட ஏக்கத்தில் செய்த பொருள். எனக்கு இதில் ஏமாற்றம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் ஆர்வம் கூடியது.

மதியம் உருளைக்கிழங்கும் காளானும் வறுத்துத் தந்தார்கள், 420 ரூபிள். உப்பு கம்மி. சித்தப்பா பையிலிருந்து பருப்புப்பொடி டப்பாவை எடுத்தார். பரிமாறிய பையன் மோந்து பார்த்துவிட்டு, ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

அக்டோபர் 6, திங்கள். மாஸ்கோ, மழை

அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும் நாள். லியோன்தியெவ்ஸ்கி சந்தில் குடையோடு நடந்தோம். அனத்தோலி மாமந்தோவின் அச்சகம் இருந்த சந்து. இப்போது தூதரகங்களும் காப்பிக்கடைகளும். காப்பி 350, வாயில் வைக்க முடியவில்லை.

அப்புறம் மல்யூத்தினின் கைவேலையைப் பார்க்க, ரட்சகர் கிறிஸ்து பேராலயத்துக்கு எதிரே இருக்கும் பெர்த்சோவ் மாளிகைக்குப் போனோம். 1905 முதல் 1907 வரை அவர் வரைபடத்தில் எழுந்த கட்டடம். கூரான கூரைகள், சுவரில் மின்னும் மயோலிகா என்ற வண்ண மெருகிட்ட மண் ஓடுகளில் மிருகங்கள், சூரியன், செடிகொடிகள். நதியோரத்தில் இன்றும் எல்லோரும் நின்று படம் எடுக்கிறார்கள். “சரி, வரைஞ்சவருக்கு மாளிகை இருக்குது. அந்த இன்னொரு ஆளுக்கு?” என்றார் சித்தப்பா. சந்தையில் ஆரம்பித்த கேள்வியை விடுவதாக இல்லை.

செருப்புக்குள் தண்ணீர். விடுதிக்குத் திரும்பி ஹீட்டர் மேல் காலுறைகளை உலர்த்தினோம்.

அக்டோபர் 8, புதன். செர்கியெவ் பொசாத்

காலை ரயிலில் உட்கார இடமில்லை. முக்காடு போட்ட பெண்கள், தாடிவைத்த துறவிகள், கையில் மெழுகுவர்த்திக் கட்டுகள். பக்கத்தில் நின்றவர் விளக்கினார்: இன்று புனித செர்கியுஸின் நினைவு நாள். அவர் 14ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடம்தான் இந்த ஊரே. பழனிக்குத் தைப்பூசத்தன்று போய் இறங்கியது போல ஆகிவிட்டது எங்கள் நிலை. மடத்தைச் சுற்றி தடுப்புகள், காவலர்கள், தொலைக்காட்சி வண்டிகள். நீலத்தில் தங்க நட்சத்திரம் பதித்த குவிமாடங்களைத் தலைகளுக்கு மேல் எட்டிப் பார்த்ததோடு சரி.

கூட்டத்தால் ஒரு லாபம். பொம்மை அருங்காட்சியகத்தில் ஆளே இல்லை. நிக்கொலாய் பார்த்ரம் என்பவர் 1918இல் மாஸ்கோவில் தொடங்கிய அருங்காட்சியகம் இது. 1931இல் இந்த ஊருக்கு வந்தது. அப்போது ஊருக்கே சகோர்ஸ்க் என்று பெயர் மாற்றி வைத்திருந்தார்கள். 1991இல் பழைய பெயர் திரும்பியது.

கண்ணாடிப் பேழைக்குள் முதல் மத்ரியோஷ்கா. எட்டு உருவங்கள். பெரியவள் வட்ட முகத்துக்காரி, பூப்போட்ட முக்காடு, கையில் கருப்புச் சேவல். அவளுக்குள் பிள்ளைகள், நடுவே பையனும் உண்டு; எட்டாவது, துணியில் சுற்றிய கைக்குழந்தை. வண்ணம் மங்கியிருக்கிறது. சந்தையில் பார்த்த பளபளப்புப் பட்டாளத்தின் மூதாதை இவ்வளவு அடக்கமாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. முகம் அழகி முகம் கிடையாது. வேலையை முடித்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார வந்த பெண்ணின் முகம்.

இதே அருங்காட்சியகத்தில் ஜப்பானியக் கிழவர் ஒருவரும் இருக்கிறார். மண்டை மேல்நோக்கி நீண்ட வழுக்கைத் தலை. ஜப்பானின் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் ஆயுள் கொடுக்கும் ஃபுகுரொகுஜு. அவரும் உள்ளே ஆட்களை வைத்திருக்கும் அடுக்குப் பொம்மைதான். ஹொன்ஷு தீவிலிருந்து யாரோ மாமந்தோவ் குடும்பத்துக்குக் கொண்டுவந்த இந்தக் கிழவரைப் பார்த்துத்தான் ரஷ்யப் பெண் பிறந்தாள் என்பது பிரபலமான கதை. அதில் இன்னொரு முடிச்சும் உண்டு: ஜப்பானில் அந்த மாதிரிப் பொம்மையை முதலில் செய்ததே அங்கே போய்ச் சேர்ந்த ஒரு ரஷ்யத் துறவிதான் என்று ஜப்பானியர்கள் சொல்வதாக இங்கே சொல்கிறார்கள்!

காவலுக்கு உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டோம். ஊசியை நிறுத்தாமலே “நியெத்” (இல்லை) என்றார். ரஷ்யக் கடைசல்காரர்கள் அதற்கு முன்பே ஒன்றுக்குள் ஒன்று போகும் மர ஈஸ்டர் முட்டைகளைக் கடைந்தார்கள், யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை என்பது அவர் கட்சி. அடுத்த அறையில் நின்ற இளம்பெண் ஜப்பான்தான் என்று அடித்துச் சொன்னார். அவர்களுக்குள் இது பழைய சண்டை போலிருக்கிறது; எங்களை விட்டுவிட்டு அறைக்கு அறை குரல் கொடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். யோசனை வெளியிலிருந்து வந்திருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. அதைக் கையோடு செய்து முடிக்கிற ஆள் அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தார் என்பதற்கு அந்த முட்டைகள் போதும்.

அந்த ஆள் இங்கேதான் வந்து சேர்ந்தார். மாமந்தோவிடம் ஏழு வருடம் வேலை பார்த்த ஸ்வியோஸ்தோச்கினை 1905இல் இந்த ஊர்ப் பயிற்சிப் பட்டறைக்கு அழைத்து வந்தார்கள். ஊரே ஏற்கெனவே பொம்மைத் தொழில் ஊர். கடைசல் கையும் இருந்தது, தூரிகைக் கையும் இருந்தது, வேலை பற்றிக்கொண்டது.

அரசியல்வாதிகளைப் பொம்மையில் அடைப்பது கோர்பச்சேவ் காலத்துக் குறும்பு என்று நினைத்திருந்தவர்கள் இந்த ஊர் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1909இல் எழுத்தாளர் கோகலின் நூற்றாண்டுக்கு அவருடைய கதாபாத்திரங்களை அடுக்கியிருக்கிறார்கள். 1912இல், நெப்போலியனைத் துரத்திய போரின் நூற்றாண்டுக்கு, ஒரு பக்கம் ரஷ்யப் படைத்தலைவர் குத்தூசவ், அவருக்குள் அவர் தளபதிகள். எதிர்ப்பக்கம் நெப்போலியன், அவருக்குள் அவர் தளபதிகள். ஆளுக்கு எட்டு.

மதியச் சாப்பாடு இந்தப் பயணத்திலேயே சிறந்தது. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் நோன்பு இருப்பவர்கள். அதனால் மடத்தின் அருகே உள்ள உணவுக்கூடத்தில் இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராத தட்டு தனியாகவே கிடைத்தது. முட்டைகோஸ் சூப், காளான் போட்ட கிரேச்கா என்ற பக்வீட் சோறு, கம்பு ரொட்டி, குருதிநெல்லிச் சாறு. 310 ரூபிள். எதிரே உட்கார்ந்த துறவி, சித்தப்பா ஏன் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று கேட்டார். பெருமாளுக்கு ஒரு மாத நோன்பு என்று கைப்பேசி சொன்னது. துறவி எழுந்து போய், தன் காசில் உள்ளே ஆப்பிள் வைத்துச் சுட்ட பிரோஷ்கி என்ற பன் இரண்டு வாங்கி வந்து வைத்தார்.

அக்டோபர் 9, வியாழன். நீழ்னி நோவ்கொரோத் போகும் ரயிலில்

நாலு மணி நேரம் ரயில். எதிர் இருக்கை மாணவர் இயற்பியல் படிப்பவர், ஆங்கிலம் பேசுவார். நாங்கள் பொம்மை தேடிப் போகிறோம் என்றதும் விண்வெளியில்கூட ஒன்று இருந்தது என்றார். உண்மைதான்: 2004இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளியே மனித உடற்பகுதி போன்ற ஒரு மாதிரி உருவத்தைப் பொருத்தி, கதிர்வீச்சு உடலின் எந்த ஆழம் வரை போகிறது என்று அளந்தார்கள். அந்தச் சோதனைக்கு வைத்த பெயர் மத்ரியோஷ்கா. சீன எல்லையில் மன்சோலி என்ற ஊரில் 30 மீட்டர் உயர மத்ரியோஷ்கா கட்டடமே இருக்கிறது என்று படமும் காட்டினார். 2020இல் இமோஜியாகவும் ஏறிவிட்டது. “உங்கள் வீட்டில் மத்ரியோஷ்கா இருக்கிறதா?” என்று கேட்டேன். இல்லையாம். அது வெளிநாட்டவருக்கு வாங்கிக் கொடுக்கிற பொருள் என்றார், கொஞ்சம் சங்கடத்தோடு.

நீழ்னியில் இறங்கியதும் கைப்பேசியில் இணையம் இல்லை. இந்தப் பகுதியில் இப்போதெல்லாம் அடிக்கடி நிறுத்திவிடுகிறார்களாம். வரைபடம் போச்சு, மொழிபெயர்ப்பு போச்சு, டாக்ஸி செயலியும் போச்சு. விடுதி முகவரியைத் தாளில் எழுதி வைத்திருந்த சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அக்டோபர் 10, வெள்ளி. செம்யோனொவ்

நீழ்னியிலிருந்து வடக்கே வோல்காவைக் கடந்து 70 கிலோமீட்டர். பாலத்தில் ரயில் மெதுவாகப் போனது. ஆறு சாம்பல் நிறத்தில் கடல் மாதிரி கிடந்தது. அப்புறம் காடு, காடு, காடு. 17ஆம் நூற்றாண்டில் திருச்சபைச் சீர்திருத்தத்தை ஏற்காத பழஞ்சமயத்தார் ஓடி வந்து ஒளிந்த காடுகள் இவை. மண் விவசாயத்துக்கு உதவாது, மரம் மட்டும் ஏராளம். ஆகவே ஊர் ஊராக மரக்கரண்டி, மரக்கிண்ணம் கடைந்து பிழைத்தார்கள். தங்க நிறத்தில் பூக்கொடி ஓடும் கோக்லோமா பாத்திரங்களுக்கும் இந்த ஊர்தான் பேர்போனது.

மத்ரியோஷ்கா இங்கே வந்த கதை சுவையானது. 1922இல் பக்கத்து மெரினவோ கிராமத்துக் கடைசல்காரர் அர்சேன்தி மயோரவ், நீழ்னியிலிருந்து வண்ணம் பூசாத ஒரு செர்கியெவ் பொசாத் பொம்மையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மகள் லியூபா வாத்து இறகில் கோடு போட்டு, வண்ணம் தீட்டினாள். தலையில் கிரீடம் மாதிரி ஓர் அணி, நடுவே சிவப்புப் பூ. இன்று ரஷ்யா என்றதும் உலகம் நினைக்கும் பொம்மை, மஞ்சள் முக்காடும் வயிறு நிறைய ரோஜாக்களுமாக இருக்கிறதே, அது இந்த வழியில் வந்ததுதான்.

நிலையத்தில் 5 டிகிரி, தூறல். தொழிற்சாலைக்கு வழி கேட்க இணையம் இல்லை. பையில் பால் பாக்கெட்டோடு போன ஒரு பாட்டி, கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். அதாவது எங்களுக்காகவே வந்திருக்கிறார். வாசலுக்குப் பத்தடி முன்னால் ஈர இலையில் சித்தப்பா வழுக்கி விழுந்தார். உள்ளங்கை உரிந்துவிட்டது. சீட்டு கொடுக்கும் பெண் ஓடிவந்து, ஒரு சின்னக் குப்பியைத் திறந்து மருந்து தடவினார். கை பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. ஸெல்யோன்கா என்ற அந்தப் பச்சை மருந்து இந்நாட்டில் எல்லா வீட்டிலும் உண்டாம், கழுவினாலும் போகாது.

‘செம்யோனொவ்ஸ்கயா ரோஸ்பிஸ்’ தொழிற்சாலையில் பார்வையாளர்களை அழைத்துப் போகிறார்கள். எங்களை ஒரு பள்ளிக் குழந்தைகள் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். வழிகாட்டிப் பெண் ரஷ்ய மொழியில் சொன்னதை, கூட வந்த ஆசிரியை உடைந்த ஆங்கிலத்தில் எனக்குச் சொல்ல, நான் சித்தப்பாவுக்குச் சொன்னேன். கடைசல் கூடத்துக்குள் நுழைந்த பிறகு அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மரம் பெரும்பாலும் லிண்டன். இளவேனிலில் வெட்டி, பட்டையை உரிக்கும்போது இரு முனையிலும் கொஞ்சம் விட்டுவைக்கிறார்கள். முழுக்க உரித்தால் வெடித்துவிடும். திறந்தவெளியில் அடுக்கி இரண்டு வருடமாவது உலர விடுகிறார்கள். ஈரம் அதிகமிருந்தாலும் ஆகாது, ஒரேயடியாகக் காய்ந்தாலும் ஆகாது. ஓர் அடுக்கின் எல்லாப் பொம்மையும் ஒரே மாதிரி மரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று உப்பும்போது மற்றொன்று உப்பாது, உள்ளே மாட்டிக்கொள்ளும்.

திறக்காத குட்டிப் பொம்மையைத்தான் முதலில் கடைகிறார்கள். மற்றதெல்லாம் அதை வைத்து வளர்கிறது. ஒவ்வொன்றிலும் கீழ்ப்பாதி முதலில். அதற்கு விளிம்பு எடுத்த பிறகு, மேல்பாதி. மேல்பாதியை மாட்டி வைத்துவிட்டால், காயும்போது சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் திருகல் சத்தத்துக்குக் காரணம் இதுதான். நாங்கள் பார்த்த கடைசல்காரருக்கு அறுபது வயது இருக்கும். மரத்துண்டைச் சுத்தியலால் தட்டி, லேத்தில் அதைப் பிடித்துச் சுற்றும் சக்கில் ஏற்றினார். நீளக் கைப்பிடி உளியைத் தாங்கியில் வைத்து, கையாலேயே உள்ளே குடைந்தார். தூள் பறந்து அவர் புருவம் வெள்ளையாகிவிட்டது. அளக்கிற கருவி எதுவும் அருகில் இல்லை. எந்திரத்தை நிறுத்துகிறார், முந்தைய பொம்மையை உள்ளே விட்டுப் பார்க்கிறார், மறுபடி ஓட்டுகிறார்.

“வெர்னியர் இல்லை, கேஜ் இல்லை. பார்த்தியா கண்ணு? எங்களுக்கு டூலை இறுக்கி மாட்டிக் கொடுத்துருவாங்க. இவரு கையே டூல்போஸ்ட்டு.” குழந்தைகள் அடுத்த கூடத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். சித்தப்பா நகரவில்லை. கடைசல்காரர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் அந்தப் பச்சைக் கையைப் பார்த்துச் சிரித்தார். சித்தப்பா தன் மார்பைத் தொட்டு “டர்னர்” என்றார். புரியவில்லை. லேத் சக்கரத்தைச் சுற்றுகிற மாதிரி காற்றில் சுற்றி, இரும்பு என்று காட்ட மேசைக் காலைத் தட்டினார். “ஆ, தோக்கர்!” என்றார் அவர். டர்னருக்கு ரஷ்யச் சொல். அவ்வளவுதான். அடுத்த இருபது நிமிடம் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள், ஒருவர் ரஷ்யனில், ஒருவர் கோவைத் தமிழில். உளியின் முனைக்கோணம் பற்றி ஏதோ கருத்து வேறுபாடுகூட வந்தது. பாதி கடைந்த ஒரு கீழ்ப்பாதியை அவர் கொடுக்க, சித்தப்பா விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சுவர் அவ்வளவு மெல்லிசு, மரத்தின் ஊடே சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது.

வண்ணக்கூடத்தில் பெண்கள். கடைந்த மரத்துக்கு உருளைக்கிழங்கு மாவுப்பசை தடவிய பிறகுதான் வண்ணம். இல்லையென்றால் சாயம் மரத்துக்குள் ஊறிப் பரவிவிடும். கருப்பில் கோடு முதலில், பின்பு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சாயங்கள், கடைசியில் வார்னிஷ். கை நிற்காமல் ஓடுகிறது, ஒரு ரோஜா முடிய சில நொடிதான். குழந்தைகளோடு எங்களுக்கும் ஆளுக்கொரு பொம்மை கொடுத்து வரையச் சொன்னார்கள். என்னுடையதற்கு ஒன்றரைக் கண். அதைக் காட்ட மாட்டேன்.

1970இல் இந்த ஊர்க்காரர்கள் கடைந்த அடுக்கில் 72 பொம்மைகள். பெரியது ஒரு மீட்டர் உயரம். வண்ணத்துக்கு ஆள் கிடைக்கிறார்கள், கடைசலுக்கு இளைஞர்கள் வருவதில்லை என்றார் வழிகாட்டி. தூசியும் சத்தமும் யாருக்குப் பிடிக்கும்? சித்தப்பா தலையை ஆட்டினார். அவர் பட்டறையையும் கணினியில் ஓடும் சி.என்.சி. எந்திரம் வந்துதான் மூடியது.

மூன்று மணி நேரம் கழித்துத்தான் திரும்பும் ரயில். நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் 60 ரூபிளுக்கு முட்டைகோஸ் பிரோஷ்கி, கோரொதெத்ஸ் இஞ்சி ரொட்டி, கண்ணாடி டம்ளரில் தேநீர். அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

அக்டோபர் 11, சனி. நீழ்னி நோவ்கொரோத்

வெயில்! பல்ஷயா பக்ரோவ்ஸ்கயா தெருவில் மரக்கைவினைப் பொருள்கள் விற்கும் கடைக்குள் போனோம். இங்கே மூன்று ஊர்ப் பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செர்கியெவ் பொசாத்காரி குட்டை, தடி, கையில் எப்போதும் ஏதோ வேலை. செம்யோனொவ்காரிக்கு மேலே ஒடிசல், கீழே அகலம், முன்றானை முழுக்கப் பூச்செண்டு. இதே மாகாணத்தின் தெற்கே பல்ஹோவ்ஸ்கி மைதான் என்ற ஊர்க்காரி நீள மண்டைக்காரி. அடிக்கிற சிவப்பில் பெரிய காட்டு ரோஜா, கண்ணைப் பறிக்கும். எனக்கு இவளைத்தான் பிடித்தது. நல்ல ரசனைக்காரர்கள் இவளைக் கொஞ்சம் கீழாகப் பார்ப்பார்கள் போலிருக்கிறது. அலமாரியில் அடித்தட்டில் இருந்தாள். ஆறு பொம்மை, 1,100 ரூபிள். பேரம் பேசாமல் வாங்கினேன்.

சித்தப்பா எதையும் எடுக்கவில்லை. கடைசி அலமாரியில் குழந்தைகள் வரைவதற்காக வண்ணமில்லாத வெறும் அடுக்குகள் இருந்தன. அதில் நாலைந்தைத் திறந்து மூடிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தார். 450. கடைக்காரப் பெண் தூரிகையும் வண்ண டப்பாவும் எடுத்துக் கூடவே வைத்தார். வேண்டாம் என்றார் சித்தப்பா. எப்படி வரைவீர்கள் என்றார் அவர். வரையப் போவதில்லை என்று நான் சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை. பேரப்பிள்ளைக்கு இருக்கட்டும் என்று தூரிகையை மட்டும் இலவசமாகப் பைக்குள் திணித்துவிட்டார்.

அடியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் கையெழுத்து இல்லை, வரைந்தவர் என்று ஒருவர் இல்லாததால். “இதுதான் சரி, ரெண்டு பேருக்கும் பேரு இல்லை” என்றார் சித்தப்பா.

எங்கள் ஊரில் ஈரப்பதம் எப்படி என்று அந்தப் பெண் கேட்டார். சித்தப்பா ஐப்பசி மழையை விவரித்தார். மழைக்காலத்தில் வலுக்கட்டாயமாகத் திருகாதீர்கள், இடுப்பு விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வையுங்கள் என்றார் அவர். “மெழுகு எதுக்கு? நாங்க சோப்புக்கட்டி தேய்ப்போம்” என்றார் சித்தப்பா. இரண்டில் எது நல்லது என்று பேச்சு நீண்டது. நாலாம் சனிக்கிழமை, பசி வேறு. அவரைக் கிளப்பிக்கொண்டு கிரேச்கா கிடைக்கும் இடம் தேடிப் போனேன்.